தீயைக் காணாத உணவும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்

நறுக்கிப் பொட்டலமிட்ட பச்சைக் காய்கறிக் கலவையில் 25 கிராம் எடுத்து, 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீருடன் (பாக்டீரியாவுக்கான ஊட்டநீர்) ஒரு பையிலிட்டு ஆய்வகத்தில் பிசைகிறார்கள். அந்த நீரில் சிறிதளவை, செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த மெக்கான்கி அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டில் பரப்பி, 37 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைக்கிறார்கள். குடலில் வாழும் சாதாரண ஈ.கோலை பாக்டீரியா அந்தத் தட்டில் வளரவே இயலாது. ஆயினும் மறுநாள் காலையில் சில தட்டுகளில் குண்டூசித் தலையளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியும், மருந்தின் நடுவே பிழைத்த ஒரே ஒரு செல் பெற்றுப் பெருக்கிய பல லட்சம் செல்களின் கூட்டம்.

மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா வெப்பத்தையும் எதிர்க்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அது உண்மையன்று. நன்கு சூடேறும் பாத்திரத்தில் அதுவும் மற்றவற்றைப் போலவே மடிந்துவிடும். சமைக்காமல் அப்படியே உண்ணும் உணவுகளில் அந்தக் கடைசிச் சூடு இல்லை என்பதுதான் சிக்கல். பாசன நீர், எரு, கையாள்பவரின் கைகள் ஆகியவற்றின் வழியே வந்தது நேரே வாய்க்குப் போகிறது. வெந்த இறைச்சிகூட, வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் ஒட்டியிருப்பதை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டி பெரும்பாலான பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர அவற்றைக் கொல்லாது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியோ 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும்.

பெனிசிலினும் செஃபோடாக்சிம் போன்ற அதன் உறவு மருந்துகளும், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குகின்றன. அந்தப் பிடிக்கு ஆதாரம், மருந்து மூலக்கூறிலுள்ள நான்கு அணுக்களாலான பீட்டா-லாக்டம் வளையம். எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்த வளையத்தை உடைத்துவிடுகிறது. இத்தகைய நொதி ஒன்றை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் 1940ஆம் ஆண்டிலேயே, அதாவது பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன்பே, கண்டறிந்து அறிவித்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் கவலையும் ஒருங்கே எழுகின்றன.

இந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும், குரோமோசோமிலிருந்து தனித்து நிற்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமைந்திருக்கிறது. ஒரு பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டி அண்டையிலுள்ளதைத் தன்னருகே இழுத்து, பிளாஸ்மிட்டின் இரு டி.என்.ஏ. இழைகளில் ஒன்றை அதனுள் செலுத்துகிறது. இரு செல்களும் மறு இழையை நிரப்பிக்கொள்ள, கொடுத்ததும் பெற்றதும் அதே எதிர்ப்புத்திறனோடு பிரிகின்றன. இனம் வேறாக இருந்தாலும் இந்தப் பரிமாற்றம் நடக்கக்கூடும். ஆகவே நோயுண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறதா என்று மட்டும் உணவைச் சோதிப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. யாருக்கும் தீங்கு செய்யாத ஈ.கோலையும் அந்த மரபணுவைச் சுமந்து வரலாம்.

ஜெர்மனியில் 2011ஆம் ஆண்டு ஏறத்தாழ 4,000 பேரை நோயுறச் செய்து 50க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த ஈ.கோலை வகை ஒன்று, முளைவிட்ட வெந்தயத்தின் வழியே பரவியதாக விசாரணையில் தெரியவந்தது. விதை முளைக்கத் தேவையான ஈரமும் இளஞ்சூடும் பாக்டீரியா பெருகவும் ஏற்றவை. அம்மக்களின் உயிரைப் பறித்தது அதன் நச்சுதான். ஆனால் அதே பாக்டீரியா பல ஆன்டிபயாட்டிக்குகளை முறிக்கும் பீட்டா-லாக்டமேஸ் மரபணுவையும் ஒரு பிளாஸ்மிட்டில் வைத்திருந்தது.

இப்படி உண்ணப்பட்ட பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வயிற்று அமிலத்தில் அழிந்துபோகும். தப்பிய சில, குடலில் நெருக்கமாக வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களிடையே சேர்ந்து, சில நாட்களிலோ சில மாதங்களிலோ வெளியேறிவிடலாம். அதற்குள் தம் பிளாஸ்மிட்டை அங்குள்ளவற்றுக்குக் கொடுத்தும் விடலாம். உண்டவருக்கு வயிற்றுவலிகூட வந்திருக்காது. பின்னொரு நாள் வேறேதோ தொற்றுக்காக அவர் ஆன்டிபயாட்டிக் உட்கொள்ளும்போது, போட்டியாக இருந்தவை மடிந்து, அந்தச் சிலவற்றுக்குக் குடல் முழுவதும் இடம் கிடைக்கிறது.