பாட்காஸ்ட் விருந்தினரிடம் தேதி வாங்குவது எப்படி: முதல் செய்தியிலிருந்து ஒலிப்பதிவு நாள் வரை

பேட்டி வடிவப் பாட்காஸ்ட் பாதியில் நின்றுபோவதற்கு மைக்கோ எடிட்டிங்கோ காரணமாக இருப்பது அரிது. அடுத்த வாரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வரவில்லை, இரண்டு வாரம் இடைவெளி விழுந்தது, அப்படியே நின்றுவிட்டது. பெரும்பாலும் நடப்பது இதுதான். விருந்தினர் ஏற்பாட்டை 'தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம்' என்று கடைசிக்கு விடுவதால் வரும் வினை இது. அழைக்கப்படுபவரின் பக்கம் நின்று யோசித்தால் பாதிச் சிக்கல் எழவே எழாது. அவர் என்னவெல்லாம் கேட்பாரோ, அதற்கெல்லாம் அவர் கேட்கும் முன்பே எழுத்தில் பதில் போயிருக்க வேண்டும்.

தேடல்: பெயரிலிருந்து அல்ல, கேள்வியிலிருந்து

ஏற்கெனவே பத்து யூடியூப் சேனல்களில் பேசியவரையே பதினோராவதாக அழைப்பது சுலபம். கேட்பவருக்கு அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. 'யாரை அழைக்கலாம்' என்று தொடங்காமல் 'எது தெரிய வேண்டும்' என்று தொடங்குங்கள். ஏரிகள் ஏன் தூர்ந்துபோயின என்பது கேள்வியானால், பேசத் தகுந்தவர்கள் வரிசையாகத் தெரிவார்கள்: பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர், கடைமடை விவசாயி, மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, அதையே முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தவர்.

ஆய்வாளர்களைக் கண்டுபிடிக்கச் சோத்கங்கா தளம் நல்ல வழி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், துறை மூன்றும் சேர்ந்தே கிடைக்கும். ஆய்வாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் நெறியாளருக்குத் துறை முகவரியில் எழுதலாம். வேளாண்மை சார்ந்த தலைப்பு என்றால் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம். விஞ்ஞானிகளோடு, நன்றாகச் செய்துகாட்டும் உழவர்கள் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுத்தாளர்களுக்குப் பதிப்பகம் வழியாகப் போவதே முறை. சிற்றிதழ்களின் பழைய இதழ்களில் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எழுதியவர் கண்ணில் படுவார். அத்தகையவர் ஒரு மணி நேரம் சரக்கோடு பேசுவார்.

நன்றாக எழுதுபவர் எல்லோரும் நன்றாகப் பேசுவார் என்று எண்ண வேண்டாம். எங்காவது அவர் பேசிய பத்து நிமிடம் கிடைத்தால் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முன்கூட்டியே 15 நிமிடத் தொலைபேசி உரையாடல் ஒன்று அவசியம். ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்துகிறவரைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவரை இன்னொருவரோடு சேர்த்து அழைத்தால் பேச்சு தானாக நீளும்.

மாதம் நான்கு எபிசோட் என்றால் பட்டியலில் குறைந்தது 12 பெயராவது எப்போதும் இருக்கட்டும். சாதாரண கூகுள் ஷீட் போதும். பெயர், தொடர்பு, அந்த எண்ணைத் தந்தவர், முதல் செய்தி போன தேதி, நினைவூட்டிய தேதி, பதில், ஒலிப்பதிவுத் தேதி, ஒப்புதல் வந்ததா, வெளியான தேதி என்று பத்திகள் வையுங்கள். எண்ணைத் தந்தவர் யார் என்ற பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?' என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்குத் தடுமாறினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முதல் செய்தி

முன்பின் தெரியாதவரை எடுத்த எடுப்பில் போனில் அழைக்காதீர்கள். குரல் செய்தியும் வேண்டாம். கூட்டத்திலோ பேருந்திலோ இருப்பவர் அதைக் கேட்க முடியாது, கேட்காமலே மறந்துபோவார். 'ஹாய் சார், ஃப்ரீயா?' என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இன்னும் மோசம். செய்தி முழுதாக, ஒரே தடவையில் போக வேண்டும். உதாரணத்துக்கு:

"வணக்கம் அம்மா. நீர்நிலைகள் பற்றி மாதம் இருமுறை வெளிவரும் தமிழ்ப் பாட்காஸ்ட் ஒன்றை நடத்துகிறோம். குடிமராமத்து நின்ற பிறகு தூர் எடுக்கும் பொறுப்பு யாரிடம் போனது என்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தோம். அதையே விரிவாகப் பேச உங்களை அழைக்கிறோம். ஒலி மட்டும்தான், காணொளி இல்லை. வீட்டிலிருந்தே பேசலாம். 90 நிமிடம் ஒதுக்கினால் போதும். அதில் பேச்சு 50 நிமிடம். சன்மானம் இவ்வளவு தர முடியும். வெளியிடும் முன் கேட்டுப் பார்த்து, நீக்க வேண்டியதைச் சொல்லலாம். பழைய எபிசோடுகள் இந்த இணைப்பில் உள்ளன. உங்கள் எண்ணைப் பதிப்பகத்தில் கேட்டு வாங்கினோம். விருப்பமிருந்தால் ஒரு வரி பதில் போடுங்கள், எப்போது அழைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்."

இதன்கீழே முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும் வர வேண்டும். இதில் அவர் எழுதியதில் ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பணம் இருக்கிறது. பணத்தைப் பற்றி முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். தர இயலாது என்றால் 'சன்மானம் தரும் நிலையில் இல்லை' என்று நேராக எழுதலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டு, ஒலிப்பதிவு முடிந்தபின் அவர் கேட்க நேர்ந்தால்தான் மனக்கசப்பு. ஸ்டுடியோவுக்கு வரச் சொல்கிறீர்கள் என்றால் போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். விவசாயிக்கும் தினக்கூலிக்காரருக்கும் அரை நாள் என்பது அரை நாள் வருமானம். அதை ஈடுகட்டாமல் அழைப்பது சரியல்ல.

பதில் இல்லையென்றால் ஐந்தாறு நாள் கழித்து ஒரு நினைவூட்டல், இன்னும் பத்து நாள் கழித்து மற்றொன்று. அதோடு நிறுத்திவிடுங்கள். வாட்ஸாப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையே என்று கேட்பது எந்நாளும் கூடாது.

அழைப்பு என்ற பெயரில் நடக்கும் மோசடி

உண்மையான அழைப்புகளுக்கும் இன்று பதில் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். பிரபலமான பாட்காஸ்டின் பெயரில் மின்னஞ்சல் வரும். நல்ல தொகையும் சொல்வார்கள். ஒலிப்பதிவுக்கு முன் 'டெக்னிக்கல் செக்' என்று வீடியோ அழைப்புக்குக் கூப்பிட்டு, திரையைப் பகிரச் சொல்வார்கள், அல்லது எனிடெஸ்க் போலத் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். நேரலைக்கு அனுமதி தர வேண்டும் என்று ஃபேஸ்புக் பக்கத்தின் அமைப்புகளுக்குள் அழைத்துப்போய், பக்கத்தின் நிர்வாகியாகத் தங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சில நிமிடங்களில் பக்கம் கைமாறிவிடும்.

அழைக்கப்படுபவர்கள் ஒன்றை உறுதியாக வைத்துக்கொள்ளலாம். பாட்காஸ்டில் பேசுவதற்கு மைக் அனுமதி தேவை, காணொளி என்றால் கேமரா அனுமதி தேவை. ஓடிபியோ, கடவுச்சொல்லோ, ஃபேஸ்புக் நிர்வாக அனுமதியோ, தொலைக் கட்டுப்பாட்டுச் செயலியோ எதற்கும் தேவையில்லை. சந்தேகம் வந்தால், வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல், அந்தப் பாட்காஸ்டின் சொந்தத் தளத்தில் உள்ள முகவரிக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். அழைப்பவர்களும் இதை மனதில் கொண்டு, பாட்காஸ்டின் பக்கத்தில் இருக்கும் முகவரியிலிருந்தே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பாட்காஸ்ட் பக்கத்தில் ஒன்று, மின்னஞ்சலில் வேறொன்று என்று பெயர் மாறினால் நல்லவர்களும் மோசடிக்காரர் போலத்தான் தெரிவார்கள்.

சிலருக்குச் சட்டக் கட்டுகள் உண்டு

ஒருவர் இழுத்தடிக்கிறார் என்று நாம் நினைக்கும்போது, அவர் அனுமதிக்காகக் காத்திருக்கக்கூடும். பணியில் இருக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் பொருந்தும். இலக்கியம், கலை, அறிவியல் பற்றி மட்டும் பேசுவதற்கு மத்திய விதிகள் இடம் தருகின்றன. அரசின் கொள்கையைப் பற்றிய பேச்சு வேறு கதை. கேள்விகளை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்தால் மேலதிகாரியிடம் அனுமதி கேட்க அவருக்கு வசதி. இதற்காகக் குறைந்தது ஒரு மாத அவகாசம் வையுங்கள்.

மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தங்களுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று அவரவர் தொழில் ஒழுங்கு விதிகள் சொல்கின்றன. எனவே எபிசோடின் முடிவில் கிளினிக் முகவரியும் தொலைபேசி எண்ணும் சொல்லச் சொல்லாதீர்கள். 'தொடர்புக்கு' என்று நீங்களே குறிப்பில் போட்டாலும் சங்கடம் அவர்களுக்குத்தான். பங்குச்சந்தை பற்றிப் பேச வருபவர் முதலீட்டு ஆலோசனை தருகிறார் என்றால் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்பதைச் செபி தளத்தில் பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் தடுக்கின்றன. பெயரை மறைத்துக் குரலை மாற்றிவிட்டோம் என்பது போதாது. ஊர், பள்ளி, உறவுமுறை மூன்றும் சேர்ந்தாலே தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். இத்தகைய எபிசோடுகளுக்கு, அந்த ஒலிப்பதிவு தேவைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியும் நேரமும்

'எப்போது வசதி?' என்று பொதுவாகக் கேட்டால் 'சொல்றேன்' என்றுதான் பதில் வரும். மூன்று நேரங்களைக் கொடுங்கள்: ஒன்று வார நாள் காலை, ஒன்று மாலை, ஒன்று வார இறுதி. ஞாயிறு மாலை 4:30 முதல் 6 வரை எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள் என்று அதையே பலர் கொடுக்கிறார்கள். அது ராகு காலம். நம்பிக்கை உள்ளவர் காரணம் சொல்லாமலே தள்ளிப்போடுவார்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. கர்நாடக இசைக் கலைஞரை மார்கழியில் கேட்காதீர்கள். பதிப்பாளரும் எழுத்தாளரும் சென்னைப் புத்தகக் காட்சி முடியும்வரை, அதாவது ஜனவரி கழியும்வரை, கிடைக்க மாட்டார்கள். ஆடிட்டருக்கு ஜூலையும் செப்டம்பரும் கணக்குத் தாக்கல் மாதங்கள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மார்ச், ஏப்ரலில் தேர்வும் விடைத்தாள் திருத்தமும். டெல்டா விவசாயிக்கு ஜனவரி, பிப்ரவரி சம்பா அறுவடை. மாறாக, உயர் நீதிமன்றக் கோடை விடுமுறை வரும் மே மாதத்தில் வழக்கறிஞர்களிடம் தேதி சுலபமாகக் கிடைக்கும். ரமலான் மாதத்தில் மாலை நேரத்தை முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இவை ஆண்டு முழுதும் மாறாது. லண்டனும் டொராண்டோவும் மாறும். நமக்கு இரவு 8:30 என்றால் லண்டனில் கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் பிற்பகல் 3. டொராண்டோவில் காலை 11, குளிர்காலத்தில் 10. கடிகாரத்தை மாற்றும் நாளும் இரண்டுக்கும் ஒன்றல்ல. 2026-இல் மாற்றும் நாள் டொராண்டோவில் மார்ச் 8, லண்டனில் மார்ச் 29. இடைப்பட்ட மூன்று வாரத்தில் இரண்டு ஊரிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து அழைத்தால், வழக்கமான கணக்கை நம்பியவர் ஒரு மணி நேரம் தவறுவார். கூகுள் காலண்டர் அழைப்பு அவரவர் ஊர் நேரத்துக்குத் தானாக மாறும். வாட்ஸாப் செய்தி மாறாது. அதனால் இரண்டையும் அனுப்புங்கள்.

நள்ளிரவு நேரங்களில் நம் பேச்சுவழக்கே குழப்பும். 'புதன் ராத்திரி பன்னிரண்டரை' என்று நாம் சொல்வது காலண்டரில் வியாழன். இப்படிப்பட்ட நேரத்தைத் தவிர்ப்பதே நல்லது. முடியாவிட்டால் தேதியோடு சேர்த்து 24 மணிக் கணக்கில் எழுதுங்கள்.

ஒலிப்பதிவு நாளை நெருங்கும்போது

ஒரு வாரம் முன்பு, முந்தைய நாள், இரண்டு மணி நேரம் முன்பு என மூன்று நினைவூட்டல்கள் போதும். முந்தைய நாள் செய்தியில் இணைப்பையும் மறுபடி வையுங்கள். பழைய செய்தியில் தேட வைக்க வேண்டாம். விருந்தினர் இருக்கும் பகுதியில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலை 9 மணிக்கு நிறுத்தினால் வேலை நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். முன்னறிவிப்பு வருவதால் இது தவிர்க்கக்கூடிய விபத்து.

ரிவர்சைடு, ஜென்காஸ்டர் போன்ற தளங்கள் விருந்தினரின் கருவியிலேயே பதிவுசெய்து மேலேற்றும். சுருக்காத ஒலிக்கோப்பு (48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ்) ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 எம்பி. பேச்சு முடிந்ததும் 'நன்றி, வணக்கம்' என்று அவர் சாளரத்தை மூடிவிட்டால் மீதிக் கோப்பு ஏறாமல் நின்றுபோகும். ஒதுக்கச் சொன்ன 90 நிமிடத்தில் கடைசி 15 நிமிடம் கோப்பு ஏறி முடிவதற்காகத்தான். செல்பேசியில் பேசுபவர் அழைப்பு வராத நிலையில் வைத்திருக்க வேண்டும். நடுவில் வரும் ஓர் அழைப்பு மைக்கைப் பறித்துக்கொள்ளும். புளூடூத் இயர்போனைவிடக் கம்பி உள்ள சாதாரண இயர்போன் மேல், ஏனெனில் புளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கிவிடும்.

வாரம் ஒரு எபிசோட் வெளியிடுபவர் கையில் எப்போதும் நான்கு எபிசோடு முடித்து வைத்திருந்தால், ஒருவர் வர முடியாமல் போனாலும் பதற்றம் இல்லை. கடைசி நேரத்தில் ரத்து செய்பவரிடம் காரணம் துருவாமல், அதே செய்தியில் மூன்று புதிய நேரங்களைக் கொடுங்கள். இரண்டு முறை தள்ளிப்போனால் மூன்றாவது தேதியை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

வெளியிட அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸாப்பில் 'சம்மதம்' என்ற பதிலும் சான்றுதான், ஆனால் எங்கெல்லாம் வெளியாகும், துண்டுகளாக வெட்டிப் போடுவீர்களா என்பதைச் சொல்லிக் கேட்ட சம்மதமாக இருக்கட்டும். திருத்தம் சொல்ல ஒரு வாரம் என்று தேதியிட்டுக் கொடுத்தால் இரு தரப்புக்கும் தெளிவு. பெயரின் எழுத்துக்கூட்டலையும் பதவியையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு முடிந்து அவர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே, 'இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?' என்று கேளுங்கள். பேசி முடித்த சூட்டில் இரண்டு பெயராவது சொல்வார். அவர் பெயரைக் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதலாமா என்பதையும் அப்போதே கேட்டு, அன்றே ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.