த்ரெட் லிஃப்ட்: நூல் சரி, தூக்கல் எங்கே?

"த்ரெட் லிஃப்ட்னா புருவத்துக்குப் பண்ற த்ரெடிங் மாதிரியா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். இல்லை. புருவத்துக்குச் செய்வதில் நூல் முடியைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்துவிடும். இதில், தொங்கும் முகத்தைத் தூக்க வைக்கும் நூல் தோலுக்கடியில் போய் அங்கேயே தங்கிவிடும். பெயரில் இரண்டிலும் நூல்தான், ஆனால் ஒன்று பார்லர் வேலை, மற்றது மரப்பு ஊசி, மருத்துவர், கையெழுத்து போட்ட ஒப்புதல் படிவம் என்று போகிற வேலை. அவள் கேட்டதில் தப்பே இல்லை, பெயர் அப்படி இருக்கிறது.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். த்ரெட் என்றால் நூல், முறுக்குதல் என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது, அதாவது முறுக்கி எடுத்தது. லிஃப்ட் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அந்த மொழியில் காற்று, வானம் என்று பொருள்படும் சொல்லுக்கு உறவுக்காரச் சொல். வீட்டில் வேண்டாத சாமானை ஏற்றி வைக்கும் லாஃப்டும் இதே குடும்பம்தான். ஆக அந்தச் சொல்லுக்குள்ளேயே வானத்தை நோக்கி எடுத்துப்போகிற ஒரு வாக்குறுதி உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் நடப்பதோ சில மில்லிமீட்டர் கதை.

கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலால் கன்னத்தைக் காது பக்கம் இழுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு மறையும், தாடை விளிம்பு கூராகும், பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும். விளம்பரம் நம் மனதில் வரைவது அந்தப் படத்தைத்தான். நூல் தருவது அதில் ஒரு பங்கு, அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

சரி, எதைத் தூக்குகிறார்கள்? இங்கே தமிழ் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. நரை, திரை, மூப்பு என்று பழைய வழக்கு ஒன்று உண்டே, அதில் திரை என்பது தோலில் விழும் சுருக்கம். கடல் அலைக்கும் அதே சொல். பெரிய அறுவை முறையான ஃபேஸ்லிஃப்டுக்கு மருத்துவர்கள் எழுதும் பெயர் ரிட்டிடெக்டமி. சுருக்கம், வெட்டியெடுத்தல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டியது, அதாவது திரை நீக்கம். ஆனால் நூல் வேலை செய்வது திரையில் இல்லை, தொய்வில். துணி காயப்போடும் கொடி நாளடைவில் நடுவில் தொங்கிப்போவதை, கயிற்றுக் கட்டில் குழிந்துபோவதைத் தொய்வு என்கிறோமே, அதேதான். வயதாக ஆக தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது, கொழுப்புத் திட்டுகள் கீழே சரிகின்றன, அவற்றைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன, முக எலும்பே கொஞ்சம் தேய்கிறது. எல்லாம் சேர்ந்துதான் கன்னம் தாடைக்கு இறங்குகிறது. நெற்றிச் சுருக்கத்துக்கு நூல் கேட்டுப் போகிறவர்கள் சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இந்த வித்தியாசம் நூலின் வரலாற்றிலும் இருக்கிறது. 1990களின் கடைசியில் மார்லென் சுலமனிட்ஸே என்ற அறுவை மருத்துவர் முகத்துக்கென்று முள் வைத்த நூல்களைக் கொண்டுவந்தார், பெயர் ஆப்டோஸ். டோசிஸ் என்றால் கிரேக்கத்தில் சரிவு, விழுதல். அதற்கு எதிர் ஆப்டோஸ். தூக்குகிறேன் என்று சொல்லாமல் சரிவுக்கு எதிர் என்று மட்டும் சொன்ன பெயர், எனக்கு லிஃப்டை விட இது நேர்மையாகப் படுகிறது. முள் நூல் என்ற யோசனை அவருக்கும் முந்தையது: முடிச்சுப் போடாமலே காயத்தைத் தைக்க முள் நூல் என்று அமெரிக்காவில் ஜான் அல்காமோ 1964இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

முள் என்றதும் பயப்பட வேண்டாம், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு. நெற்கதிரின் சுணையை விரலிடுக்கில் வைத்து உருவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் சொரசொரவென்று பிடித்துக்கொள்ளும். அதே கதைதான். நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி ஓரத்தில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாக நீளமான ஊசியோ மழுங்கிய முனையுள்ள குழாயோ தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அடுக்குக்குள் வாய்க்கோரம் வரை போகும், குழாயை உருவினால் நூல் உள்ளே நிற்கும், மருத்துவர் வெளியே நீட்டியிருக்கும் நுனியை மெல்ல இழுக்கும்போது முட்கள் திசுவைக் கவ்விக்கொண்டு மேலே வரும், மிச்ச நூலைத் துளையோரத்தில் நறுக்கிவிடுவார். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முள்ளில்லாத மொழுக்கை நூலும் உண்டு. அது எதையும் இழுக்காது, தோலைச் சீண்டி கொலாஜன் ஊறவைக்கும், அவ்வளவுதான். அதையும் லிஃப்ட் என்ற பெயரில் விற்பதுதான் எனக்கு எரிச்சல்.

முதலில் வந்தவை பாலிப்ரோப்பிலீன், கரையாத ரகம். தோலுக்கடியில் நூல் தெரிகிறது, நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது என்று புகார்கள் வந்தன; அமெரிக்காவில் 2000களின் நடுவில் வந்த கரையாத முள் நூல் ஒன்று சில ஆண்டுகளிலேயே சந்தையை விட்டுப் போனது. இப்போது பெரும்பாலும் கரைகிற நூல்தான். பிடிஓ எனப்படும் பாலிடையாக்சனோன் அறுவைத் தையலுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுவது, சுமார் ஆறு மாதத்தில் கரையும். பாலிலாக்டிக் அமில நூல் ஓராண்டு தாண்டியும் இருக்கும், பாலிகாப்ரோலாக்டோன் அதற்கும் மேல்.

நல்ல பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. காதைச் சுற்றிக் கத்தி வைத்து, தோலைப் பிரித்து, மிகுதியை வெட்டித் தைக்கும் பெரிய அறுவையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ லேசு. முழு மயக்கம் வேண்டாம், நீளத் தழும்பு கிடையாது, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலோர் வெளியே நடமாடலாம். தொய்வு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, தோல் ரொம்ப மெல்லிசும் இல்லை, ரொம்பக் கனமும் இல்லை, எதிர்பார்ப்பும் அடக்கமாக இருக்கிறது என்றால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

மறுபக்கம் நீளமானது. வீக்கம், கன்றிப்போதல், வாயை அகலத் திறந்தால் சுருக்கென்று இழுக்கும் வலி, இவை வந்து போகிறவை. முள் திசுவைக் கவ்வின இடத்தில் மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி குழி விழலாம். பல நாளடைவில் சமமாகிவிடும், சிலவற்றை மருத்துவர் விரலால் நீவி எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கன்னம் மேலே, மற்றது கீழே என்று ஆகலாம். நூல் அறலாம், நகரலாம், கிருமித்தொற்று வரலாம். அரிதாக முக நரம்போ உமிழ்நீர்க் குழாயோ அடிபடுவதும் உண்டு, முக உடற்கூறு கைவந்த மருத்துவரிடம் மட்டும் போகச் சொல்வது அதனால்தான். இரண்டு மூன்று வாரம் மல்லாந்து படுக்க வேண்டும், முக மசாஜ் கூடாது, பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவதையும் தள்ளிப்போட வேண்டும். கன்னம் பையாகத் தொங்குகிற அளவுக்குப் போய்விட்டவர்களுக்கு நூல் போதாது; மிகுதித் தோலை நூல் என்ன செய்யும், எங்கேயாவது மடித்துத்தான் வைக்கும்.

அப்புறம் காலம். ஒரு வருடம், மூன்று வருடம் என்று விற்கும்போது சொல்வார்கள். நூல் உள்ளே முழுதாக இருக்கும்போதே மென்மையான திசு முள்ளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், வெண்ணெய்க்குள் கம்பி இறங்குவது மாதிரி. இழுத்த இழுப்பில் பெரும்பகுதி ஓராண்டு வாக்கில் போய்விடுவதுதான் வழக்கம். நூலைச் சுற்றி உண்டான நார்த்திசு கொஞ்ச நாள் கூடத் தாங்கும். அறுவை முறை பத்தாண்டு வாக்கில் நிற்கக்கூடியது. திரும்பத் திரும்ப நூல் வைத்தால் உள்ளே தழும்பு சேர்ந்து, பின்னால் அறுவைக்குப் போகும்போது கத்தி வைப்பவருக்குச் சிரமம்.

இனி தமிழில் என்ன சொல்வது? லிஃப்டுக்கு மின்தூக்கி என்று அழகாகச் சொல்கிறோமே, அதே வழியில் நூல்தூக்கல் என்று எழுதலாம் என்று தோன்றும். மின்தூக்கி மேலே போனால் கீழேயும் வரும் என்ற வகையில் பொருத்தம்தான், ஆனால் தூக்கு என்றாலே நமக்குக் கழுத்து நினைவு வருகிறது, நூலைத் தூக்கினான் என்றால் நூலகத்தில் புத்தகம் காணாமல் போன மாதிரி இருக்கிறது. நூலிழுப்பு? முகம் இழுத்துக்கொண்டது என்றால் தமிழில் வாதம், அந்தச் சொல்லை அழகு சிகிச்சைக்கு வைக்க யாருக்கும் மனம் வராது. நூல் பதிப்பு என்றால் அச்சகத்துக்குப் போய்விடுவோம். நூல் விடுதல் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நூல் தொல்லைக்கு ஒரு சுவையான காரணம் உண்டு. நமக்கு நூல் பஞ்சிலிருந்து வருவதும்தான், படிப்பதும்தான். வடமொழிச் சூத்திரமும் அப்படியே, இழை என்றும் பொருள், சுருங்கச் சொன்ன விதி என்றும் பொருள். அறுவைத் தையலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சூச்சர், தைத்தல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் சூத்திரத்துக்கும் வேர் ஒன்று என்பார்கள்.

கொரியர்கள் இதற்கு வைத்த பெயர்களில் ஒன்று மேசன். புதைத்தல், இழை என்ற இரண்டு சீன எழுத்துகள், ஏற்கெனவே அக்குபங்சரில் இருந்த சொல். புதைத்த நூல். என்ன செய்கிறோமோ அதைச் சொல்லும் பெயர், என்ன கிடைக்கும் என்று சொல்வதில்லை. தமிழிலும் சிகிச்சைக்குப் பெயர் அப்படித்தானே வரும்: பல்லுக்குக் கம்பி கட்டினார்கள், கண்ணுக்கு லென்ஸ் வைத்தார்கள், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே வாயில் முகத்துக்கு நூல் வைத்தல் என்று வருகிறது பாருங்கள், யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் நூல்வைப்பு, முள் உள்ளதற்கு முள்நூல் வைப்பு. வைப்பு என்றதும் வங்கி வைப்பு நினைவுக்கு வந்தால் வரட்டும், இந்த வைப்பில் வட்டியும் கிடையாது, முதலும் கரைந்துவிடும்.

தோழியிடம் இதைச் சொன்னேன். "நூல் வைக்கிறதா? அப்போ எத்தனை நூல், எந்த நூல், எப்போ கரையும்?" என்று கேட்டாள்.