ரிவால்வர் துடைக்கும் கரைப்பானில் வாடை எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் பல வீடுகளில் ஹாப்பீஸ் நம்பர் 9 பாட்டில் ஒன்று இருக்கும். ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பே 1903-இல் கொண்டுவந்த கரைப்பான் அது. மூடியைத் திறந்தாலே வாழைப்பழ மணம் கலந்த ஒரு நெடி அறை முழுக்கப் பரவும். சிலருக்கு அது பிடித்துப்போகிறது. சின்ன வீட்டில் குழந்தைகளோடு இருப்பவர்கள் வாடை குறைந்ததைத் தேடுகிறார்கள்.

வாழைப்பழ மணத்துக்குக் காரணம் அமைல் அசிடேட் என்ற வேதிப்பொருள். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைப் பிடித்துவிடும். அமெரிக்கத் தொழிற்கூடங்களில் அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவோ பத்து லட்சத்தில் 100 பங்கு. அதாவது, ஆபத்தான அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு சொல்லிவிடுகிறது. வாடையற்ற மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் நிலைமை தலைகீழ். பெட்ரோலியக் கரைப்பானில் நெடி தரும் பென்சீன் வளையச் சேர்மங்களை ஹைட்ரஜன் கொண்டு மாற்றிவிடுவார்கள். நெடி போய்விடும், ஆவி போகாது. அது மூடிய அறையில் சத்தமில்லாமல் சேரும், தீப்பற்றவும் செய்யும். எனவே ஜன்னலைத் திறந்தே வையுங்கள். எரிவாயு வெந்நீர் ஹீட்டர் இருக்கும் அடித்தள அறையில் இந்த வேலை வேண்டாம்.

சரி, எதைத்தான் வாங்குவது? எந்த அழுக்கைப் போக்க வேண்டும் என்பதே அதை முடிவு செய்கிறது. மூக்கைக் குத்தும் அம்மோனியா, செம்பைக் கரைப்பதற்காகச் சேர்க்கப்படுகிறது. செம்பு உறையிட்ட தோட்டா துப்பாக்கிக் குழலில் விட்டுச்செல்லும் படிவோடு அது வினைபுரிந்து நீல நிறச் சேர்மமாக மாறும். உறையில்லாத ஈயத் தோட்டா மட்டும் சுடும் .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை ரிவால்வரில் அம்மோனியாவுக்கு வேலையே இல்லை. நிக்கல் பூசிய பழைய ரிவால்வரில் அது கெடுதலும் செய்யும்: பூச்சுக்கு அடியில் செம்பு அடுக்கு இருந்தால், கீறல் வழியே இறங்கி அதை அரித்து நிக்கலை உரித்துவிடும். இப்படிப்பட்ட ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அம்மோனியா இல்லாததை வாங்கினாலே நெடியில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

ரிவால்வரின் உண்மையான சிக்கல் ஈயம்தான். தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் வழியே சூடான வாயுவும் ஈயத் துகளும் பீறிட்டு, சிலிண்டரின் முகத்திலும் துப்பாக்கியின் உடற்சட்டகத்திலும் படியும். ஈயத்துக்கு வாடையே கிடையாது. இந்தக் கரைப்பான்கள் எதிலும் அது கரையாது; வெடிமருந்துக் கரி இளகும், அவ்வளவுதான். மிச்சத்தை வெண்கலத் தூரிகைதான் சுரண்டி எடுக்க வேண்டும். தூரிகை ஈரமாக இருந்தால் தூள் காற்றில் பறக்காது என்பது கரைப்பானின் இன்னொரு பயன்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்தால் ஈயம் கரையும் என்று சிலர் சொல்வது நிஜம். ஆனால் அதில் உருவாகும் ஈய அசிடேட் நீரில் எளிதில் கரையும் நஞ்சு. வீட்டில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் சிலிண்டரைத் திறந்து தோட்டா வைக்கும் எல்லாக் குழிகளும் காலியா என்று பார்த்துவிடுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஊடுருவும் எண்ணெய், தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமரைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் மேசையைத் தவிருங்கள். அழுக்குத் துணிகளை மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.