நீர்க்கட்டி எப்போது கரையும்?

ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்ததுமே அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டாக்டர், இந்தக் கட்டி எப்போ கரையும்? ஆபரேஷன் பண்ணணுமா?"

சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ்ஸில் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) ஸ்கேனில் தெரியும் அந்தக் கறுப்பு வட்டங்கள் கட்டிகளே அல்ல. கருமுட்டையைச் சுமக்கும் ஃபாலிக்கிள்கள், பாதி வளர்ந்து நின்றுவிட்டவை. பெரும்பாலும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். கரைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஏன் நின்றுபோயின என்றுதான் பார்க்க வேண்டும்.

வழக்கமாக மாதாமாதம் சில ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் அவற்றை வளர்க்கும். 10 மில்லிமீட்டரைத் தாண்டும் ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை சுருங்கிவிடும். முந்தியது 20 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடும்.

பிசிஓஎஸ்ஸில் பலருக்கு பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்எச் கூடுதலாகவும், எஃப்எஸ்எச் தேவைக்குக் குறைவாகவும் இருக்கும். ஃபாலிக்கிளின் வெளிச்சுவர் செல்கள் எல்எச்சின் தூண்டுதலில் ஆண் ஹார்மோன்களைச் சுரக்கும். அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது உட்சுவர் செல்களின் வேலை. அதற்கு எஃப்எஸ்எச் வேண்டும். அது போதாதபோது ஆண் ஹார்மோன் தேங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, நின்றுபோன சிறு ஃபாலிக்கிள்கள் எல்லாம் ஏஎம்எச் என்ற ஹார்மோனைச் சுரந்து, இருக்கும் எஃப்எஸ்எச்சையும் எடுபடாமல் செய்கின்றன. நின்றது மேலும் நிற்கிறது. முட்டையே சுரக்கும் ஜிடிஎஃப்-9 போன்ற வளர்ச்சிக் காரணிகளுக்கும் இதில் பங்குண்டு. அது இன்னும் ஆராய்ச்சி மேசையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம்விட நான் முதலில் பார்ப்பது கழுத்தை. பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்த கருமை இருக்கும். அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கி அழைத்து வருவார்கள். பெரும்பாலும் அது ரத்தத்தில் இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம். அந்த இன்சுலின் சினைப்பையில் எல்எச்சுடன் சேர்ந்து ஆண் ஹார்மோனைப் பெருக்கும். கல்லீரலில், அந்த ஆண் ஹார்மோனைக் கட்டிப்பிடித்து வைக்கும் புரதத்தையும் குறைத்துவிடும். மோவாயில் முடியும் முகப்பருவும் வருவது இப்படித்தான்.

உடல் எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. ஒல்லியான பெண்ணுக்கும் பிசிஓஎஸ் வரும். அவளிடம் போய் எடையைக் குறை என்று சொல்லி என்ன பயன்? குழந்தைக்காக வருகிறவர்களுக்கு முதலில் தருவது லெட்ரோசோல். ஈஸ்ட்ரோஜனைத் தற்காலிகமாகக் குறைத்து, பிட்யூட்டரியை எஃப்எஸ்எச் கூடுதலாகச் சுரக்க வைக்கும் மாத்திரை அது.

அப்புறம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்து "நீர்க்கட்டி" என்று பயமுறுத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் வரை சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியலாம். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் அந்த வயதில் ஸ்கேனையோ ஏஎம்எச் பரிசோதனையையோ வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது. ஆனால் 90 நாட்களுக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றால் எந்த வயதிலும் காத்திருக்காதீர்கள். முட்டை வெளிவராதபோது, கருப்பையின் உட்சுவரைக் கட்டுக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காது. அதனால் அந்த உட்சுவர் தடித்துக்கொண்டே போகும்.