சி கோடு சொல்வதும் சொல்லாததும்

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்கும் யாழ்ப்பாண வாசகி ஒருவரின் கேள்வி: “எச்.ஐ.வி விரைவுப் பரிசோதனைக் கிற்றிலேயே ‘சி’ என்று ஒரு கட்டுப்பாட்டுக் கோடு இருக்கிறதே. அது வந்தால் கிற் சரி, வராவிட்டால் பிழை. பிறகேன் கிழமைக்கு ஒருக்கால் தெரிந்த மாதிரிகளை விட்டு இரண்டு கிற்றை வீணாக்கச் சொல்கிறார்கள்?”

‘வீணாக்க’ என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அந்தப் பிளாஸ்திக் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

உள்ளே இருப்பது ஒரு நீளமான கீலம். ஒரு முனையில் குருதி விடும் பஞ்சு, அடுத்து நிறத்துணிக்கைகள் உலர்ந்து கிடக்கும் பஞ்சு, நடுவே வெள்ளை நைத்திரோசெலுலோசுத் தாள், மறுமுனையில் ஈரத்தை உறிஞ்சும் தடித்த பஞ்சு. மோட்டாரும் இல்லை, மின்கலமும் இல்லை. யுத்த காலத்து ஜாம் போத்தல் விளக்கில் திரி எண்ணெயை இழுத்ததைப் போலவே தாளின் நுண்துளைகள் திரவத்தை இழுக்கின்றன. அது போகும் வழியில் ‘ரி’ (T, பரிசோதனைக் கோடு), ‘சி’ (C, கட்டுப்பாட்டுக் கோடு) என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு புரதக் கோடுகள் காத்திருக்கின்றன.

நிறத்துணிக்கை பல கிற்றுகளில் தங்கம். யாழ்ப்பாணத்தாருக்குத் தங்கம் என்றால் மஞ்சள். ஆனால் அதை 40 நானோமீற்றர் அளவுக்குச் சிறிதாக்கினால் சிவப்பு. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் அப்படி 25,000 துணிக்கைகளை வரிசையாக அடுக்கலாம். அந்த அளவில் தங்கத்தின் இலத்திரன்கள் பச்சை ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து அதை விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. மைக்கேல் பரடே 1857 இலேயே இந்தச் சிவப்புக் கரைசலை ஆராய்ந்திருக்கிறார். துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டால் சிவப்பு நீலமாக மங்கும், தாளில் ஓடவும் மாட்டாது. கிற்றை வெயிலில் வைக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ரி கோடு. எச்.ஐ.வி தொற்றியவரின் குருதியில் அந்த வைரசின் புரதங்களைப் பிடிக்க உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகள் (antibodies) இருக்கும். ஒவ்வொன்றும் Y வடிவம். இரண்டு கைகள், இரண்டும் ஒரே பொருளைத்தான் பிடிக்கும். கிற் செய்தவர்கள் இந்த இரண்டாவது கையை வைத்தே விளையாட்டுக் காட்டுகிறார்கள். தங்கத் துணிக்கையிலும் வைரசுப் புரதம் பூசியிருக்கிறது, ரி கோட்டிலும் அதே புரதம் பூசியிருக்கிறது. ஓடிவரும் பிறபொருளெதிரி ஒரு கையால் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோட்டைப் பிடிக்கிறது. தங்கம் அங்கே நின்றுவிடுகிறது. இப்படிப் பல்லாயிரம் துணிக்கைகள் நின்றால் சிவப்புக் கோடு. பிறபொருளெதிரி இல்லாவிட்டால் தங்கமும் கோடும் ஒரே புரதத்தைக் காட்டிக்கொண்டு ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் ஐ.ஜி.எம் (IgM) என்ற பிறபொருளெதிரி வகைக்குப் பத்துக் கைகள். அதனால் இரண்டு கைகளையும் பயன்படுத்தும் இந்த அமைப்பு, பிந்தி வரும் ஐ.ஜி.ஜி (IgG) வகையை மட்டும் தேடிய பழைய அமைப்புகளைவிடச் சில நாட்கள் முந்தியே தொற்றைக் காட்டிக்கொடுக்கும்.

சி கோட்டின் கதை வேறு. பல கிற்றுகளில் அங்கே பூசியிருப்பதற்கும் எச்.ஐ.விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உதாரணத்துக்கு, கோழியின் பிறபொருளெதிரி பூசிய தங்கத் துணிக்கைகளை வைரசுப் புரதம் பூசியவற்றோடு கலந்து வைத்து, கோழிப் புரதத்தைப் பிடிக்கும் ஒன்றைச் சி கோட்டில் பூசிவிடுவார்கள். திரவம் முனையிலிருந்து முனைக்கு ஓடினால் கோடு விழும். அப்படியான கிற்றில் குருதியே விடாமல், அதை ஓடவைக்கக் கிற்றோடு வரும் தாங்கற் கரைசலை (buffer) மட்டும் விட்டாலும் சி கோடு பளிச்சென்று வரும். பெயர் எழுதி, ‘தொற்று இல்லை’ என்று அறிக்கையும் கொடுத்துவிடலாம்! மனிதப் புரதத்தைத் தேடும் சி கோடு உள்ள கிற்றுகளும் உண்டு. அவை குருதி விட்டதா என்று ஓரளவு சொல்லும். எது எந்த வகை என்பது உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். அந்தத் தாளைத்தான் யாரும் விரிப்பதில்லை.

அதோடு இரண்டு கோடுகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. பெரும்பாலான கிற்றுகளுக்குக் களஞ்சிய வெப்பநிலை 2 முதல் 30 பாகை செல்சியஸ். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் நிழலிலேயே 30 தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய வானுக்குள், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் பைக்குள் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெப்பத்தில் ரி கோட்டின் வைரசுப் புரதம் மடிப்புக் குலைந்து பிறபொருளெதிரிக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அதே நேரம் சி கோடு ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். மார்கழியில் ஆபத்து மறுபக்கம். ஈரப்பதன் நிறைந்த காற்றில் உறையைப் பிரித்து வைத்தால் உலர்ந்த துணிக்கைகள் முன்னதாகவே நனைந்து கெட்டுவிடும். பிரிட்ஜில் இருந்து எடுத்ததை அறை வெப்பநிலைக்கு வரமுன் பிரித்தாலும் பனித்து அதே கதிதான்.

ஆகவேதான் வெளிக் கட்டுப்பாட்டு மாதிரிகள்: தொற்று இல்லை என்று உறுதியான ஒன்று, உண்டு என்று உறுதியான ஒன்று. இவற்றை நோயாளியின் குருதி போலவே, அதே பைப்பெற்றால், அதே நேரக் கணக்கில் விடவேண்டும். இதில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ‘உண்டு’ மாதிரி பலவீனமாக இருக்கவேண்டும். பிறபொருளெதிரி நிறைந்த மாதிரியை விட்டால் பாதி கெட்ட கிற்றும் தடித்த கோடு காட்டிச் சித்தியடைந்துவிடும். எரியும் தீப்பந்தத்தைக் காட்டிக் கண்பார்வையைச் சோதிப்பதுபோல அது. அதனால் தொற்று உறுதியான பிளாஸ்மாவை, தொற்றில்லாத பிளாஸ்மாவால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று ஐதாக்கிக்கொண்டே போய், கோடு மெல்லியதாகவும் ஆனால் ஒவ்வொரு முறையும் தவறாமலும் வரும் ஐதாக்கலைத் தெரிவு செய்வார்கள். தண்ணீரால் ஐதாக்கக்கூடாது. புரதமும் உப்பும் குறைந்தால் தாளில் ஓடும் விதமே மாறிவிடும். தேர்ந்ததைச் சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காமல் பயன்படுத்துவது நல்லது.

எப்போது செய்வது? கிழமைத் தொடக்கத்தில் ஒருமுறை. புதிய தொகுதி இலக்கம் வந்தால், புதிய பெட்டி இறங்கினால், புதியவர் ஒருவர் பரிசோதிக்கத் தொடங்கினால், வெப்பமானி 30 தாண்டியிருந்தால், ‘உண்டு’ என்ற முடிவுகள் திடீரெனக் கூடினால், உடனே. பலவீன மாதிரியில் கோடு வராவிட்டால் அன்று பரிசோதனை நிறுத்தம். கோடு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, வந்த ஒன்றை மட்டும் பதிவேட்டில் எழுதுவது தரக் கட்டுப்பாடு அல்ல. முதலில் புதிய கட்டுப்பாட்டுக் குழாய், பிறகு அதே பெட்டியில் வேறு கிற், பிறகு வேறு தொகுதி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் பிழை மாதிரியிலா, பெட்டியிலா, கையிலா என்று தெரியும். கடைசியாகச் சரிவந்த நாளுக்குப் பிறகு கொடுத்த முடிவுகளையும் திரும்பப் பார்க்கவேண்டும்.

கைப்பிழைகள் அதிகம், ஆனால் எளியவை. ஒரு கிற்றுக்கு 50 மைக்ரோலீற்றர் வேண்டும், இன்னொன்றுக்கு 10 அல்லது 20 போதும். பழக்கத்தில் மாற்றி விடுகிறோம். ஒரு கிற்றின் தாங்கற் கரைசல் முடிந்ததும் பக்கத்துப் பெட்டிப் போத்தலையோ தண்ணீரையோ எடுப்பது இன்னும் மோசம். காரஅமிலத் தன்மையும் உப்பும் மாறினால் இல்லாத கோடும் விழும். 15 நிமிடத்தில் வாசிக்கவேண்டியதை ஐந்தில் வாசித்தால் மெல்லிய கோடு தவறும். குறித்த எல்லை தாண்டி மாலையில் வந்து பார்த்தால், தாள் உலர்ந்து பின்னோக்கி வந்த துணிக்கைகள் ரி இடத்தில் ஒரு நிழலைப் போட்டிருக்கும். எல்லைக்குள் தெரியும் கோடு எவ்வளவு மெல்லியதானாலும் அது கோடுதான். “ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை” என்று அதை ‘இல்லை’ ஆக்குவது வெறும் மூடநம்பிக்கை.

மறுபக்கம், ஒரு ரி கோடு மட்டும் நோய் நிர்ணயமும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் விரைவுக் கிற்றுகளிடம் எதிர்பார்க்கும் குறைந்த அளவு: தொற்றுள்ளவர்களில் 99 வீதத்தைப் பிடிக்கவேண்டும், இல்லாதவர்களில் 98 வீதத்தைச் சரியாக விடவேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்றுள்ள ஊரில் 10,000 பேரைப் பரிசோதித்தால் உண்மையான பத்துப் பேரோடு, பிழையாகக் கிட்டத்தட்ட 200 பேருக்கும் கோடு விழலாம். வேறு புரதத்தால் செய்த இரண்டாவது கிற் அந்த 200 பேரிலும் 2 வீதத்தினருக்கே பிழைவிட்டால், 200 நான்காகும். மூன்றாவது, ஒருவருக்கும் கீழே கொண்டுபோகும். தொற்று அரிதான இலங்கை போன்ற நாட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. 2019 இல் அந்த நிறுவனம் எங்கும் மூன்று தொடர் ‘உண்டு’ முடிவுகளையே பரிந்துரைத்ததும் இதனால்தான். ஒரே கிற்றை மூன்று முறை செய்தால் இந்தப் பெருக்கல் செல்லாது; ஒரே காரணத்தால் ஒரே பிழை மூன்று முறையும் வரும்.

18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தக் கிற் உதவாது, தாயின் பிறபொருளெதிரியே கோடு போட்டுவிடும். தொற்றிய முதல் கிழமைகளில் எந்தத் தரக் கட்டுப்பாடும் கைகொடுக்காது, பிடிக்க அங்கே பிறபொருளெதிரி இன்னும் இல்லை.

என் மனக்குறை ஒன்று. கிற் வாங்கப் பணம் தர எப்போதும் ஒருவர் இருக்கிறார். எத்தனை பெட்டி கொடுத்தோம் என்று அறிக்கையில் எண்ணிக் காட்டலாம். கட்டுப்பாட்டுக் குழாய்க்கும் வெப்பமானிக்கும் நேரமானிக்கும் பணம் தர ஆள் குறைவு. அவை எத்தனை பிழைகளைத் தடுத்தன என்று எண்ணிக் காட்ட முடியாததுதான் காரணம்.

இருந்தாலும் மலிவான வழிகளும் வந்திருக்கின்றன. 20 மைக்ரோலீற்றர் பிளாஸ்மாவோடு கொஞ்சம் பச்சைச் சாயம் கலந்து சிறு குழாயின் அடியில் ஓரிரவு உலரவிட்டால், பனிக்கட்டி இல்லாமலே தூர இடங்களுக்கு அனுப்பலாம். பெறுபவர் அதில் 200 மைக்ரோலீற்றர் கரைசல் விட்டு, பச்சை முழுவதும் கரைந்ததைக் கண்ணால் பார்த்து, வழமைபோலப் பரிசோதித்து முடிவை அனுப்பவேண்டும். எது ‘உண்டு’, எது ‘இல்லை’ என்பது அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். இந்தப் பயிற்சியில் வெளிப்படும் பிழைகளில் கணிசமானவை கோட்டில் இல்லை, பேனையில்: கிற் சரியாகச் சொன்னதை அடுத்தவரின் வரிசையில் எழுதிவிடுகிறார்கள். அதனால் உறையைப் பிரித்தவுடன், விரலில் குத்துவதற்கு முன்பே, அழியாத பேனையால் கிற்றின் மேல் இலக்கத்தை எழுதிவிடுங்கள்.