பிளக்கைத் தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்

பழைய பைக் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடித்தால் பலரும் செய்வது ஒன்றுதான். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி ரெண்டு உதை. கிளம்பிவிட்டால் வேலை முடிந்தது. இஞ்சினுக்குள் என்ன கோளாறு என்று சொல்லும் தடயம் பிளக்கில் படிந்த கரியில்தான் இருந்தது, தேய்த்ததோடு அதுவும் போயிற்று. மார்த்தாண்டம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பார்க்க வேண்டியது நடுக் கம்பியை (எலெக்ட்ரோடை) சுற்றியுள்ள பீங்கான் நுனியை. பால் கலந்த காப்பி நிறமோ வெளிர் சாம்பலோ இருந்தால் சரியாக எரிகிறது என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும், பதற வேண்டாம். ஆனால் வீட்டு முற்றத்தில் ஐடிலில் ஓடவிட்டுக் கழற்றினால் நல்ல வண்டியின் பிளக்கும் கறுப்பாகத் தெரியும். சில கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டி, உடனே ஆஃப் செய்து, ஆறிய பிறகு கழற்றுங்கள். சூட்டோடு கழற்றினால் பிளக் மாட்டியிருக்கும் அலுமினிய இஞ்சின் ஹெட்டின் மரை போய்விடும்.

கறுப்பில் ரெண்டு வகை உண்டு. விரலில் மையாக ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். விடியுமுன், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, தோட்டத்துக்குள் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரிலேயே கொஞ்ச தூரம் போய் நிறுத்திவிடுகிறார்கள். பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் படிந்த கரி தானே எரியும். அந்த ஓட்டத்தில் அவ்வளவு சூடு ஏறாது. சோக் முழுதாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். போதும்.

ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் விஷயம் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை புது பிளக் போட்டாலும் காசுதான் வீண்.

எனக்கு அதிகப் பயம் தருவது வெள்ளை. பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்து, சில நேரம் சின்னச் சின்னக் கொப்புளத்தோடு இருக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வண்டியோ ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குளச்சலில் இருந்து வந்த ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கார்புரேட்டரைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்ததும் அடிப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. அந்த வழியாகத்தான் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் உண்டு. பழைய கார்புரேட்டரால் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ள முடியாது. மைலேஜுக்காக ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்து, இறுக்கி டியூன் செய்தவர்கள் கட்டாயம் ஒருமுறை பிளக்கைப் பார்க்க வேண்டும்.

தவறான பிளக்காலும் நிறம் மாறும். சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது குளிர் வகை, மெதுவாகக் கடத்துவது சூடு வகை. என்.ஜி.கே. கம்பெனி பிளக்கில் எண் கூடினால் குளிர் வகை, பாஷ் கம்பெனியில் எண் கூடினால் சூடு வகை. கடையில் எண்ணை மட்டும் சொல்லி மாற்றுக் கம்பெனி பிளக்கை வாங்காதீர்கள்.

அப்புறம், கடலோரத்து வண்டிகளில் நிறம் நன்றாக இருந்தும் மிஸ்ஸிங் வந்தால் பிளக்கின் மேல் மாட்டும் ஒயர் மூடியின் (பிளக் கேப்) உள்ளே பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும்.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கை ஹெட்டில் ஒட்டிப் பிடியுங்கள், ஆனால் பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். உதைக்கும்போது அதன் வழியே பெட்ரோல் ஆவி வரும், தீப்பற்றிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். புது வாஷர் என்றால் கை இறுக்கத்துக்குப் பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, பழைய வாஷர் என்றால் அதைவிடக் குறைவு.