தலைமடைக்குக் கடைமடை தேவைப்படும் வரை

நேபாளத்தில் விவசாயிகள் தாங்களே வெட்டிப் பராமரிக்கும் வாய்க்கால்கள் ஏராளம். ஆற்றின் குறுக்கே கல்லையும் மரக்கிளைகளையும் அடுக்கித் தண்ணீரைத் திருப்புவார்கள். வெள்ளம் வந்தால் அணை போய்விடும். மறுபடியும் எல்லோரும் கூடிக் கட்ட வேண்டும். பார்க்கிற பொறியாளருக்குக் கை துறுதுறுக்காதா? பல இடங்களில் அரசு கான்கிரீட்டில் நிரந்தர அணைகளைக் கட்டியது. ஆனால் எலினோர் ஆஸ்ட்ரமும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் இரு வகைகளையும் ஒப்பிட்டபோது, கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுசேர்ப்பதில் பொதுவாக விவசாயிகள் நடத்திய கரடுமுரடான வாய்க்கால்களே முந்தின.

கான்கிரீட்டில் குறை இல்லை. பழைய அணை அடிக்கடி உடைந்ததால், தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உழைப்பு தேவைப்பட்டது. தண்ணீர் விடாவிட்டால் மண்வெட்டியோடு வரமாட்டோம் என்று சொல்லும் பலம் கடைமடைக்கு இருந்தது. உடையாத அணை வந்ததும் அந்தப் பலமும் போயிற்று. பொதுவளங்களை மக்களே ஆளும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

அரசு, வணிகம், சமூகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் எந்தக் கட்டமைப்பையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் 'கூட்டாண்மை' என்ற சொல் எத்தனை பக்கங்களில் வருகிறது என்பதை விட்டுவிடுங்கள். யாருக்கு யார் தேவை? ஒருவர் சொதப்பினால் யாருக்கு வலிக்கும்?

லண்டன் சுரங்க ரயிலைப் பாருங்கள். 2003-இல் பாதைகளையும் நிலையங்களையும் புதுப்பிக்க மெட்ரோநெட் என்ற தனியார் கூட்டமைப்புடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. அதன் கடனில் 95 சதவீதத்துக்குப் பொதுத்துறை உத்தரவாதம். கடன் கொடுத்தவர்கள் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கண்காணிக்கப் போகிறார்கள்? 2007-இல் மெட்ரோநெட் நொடித்தது. கடனை அடைக்க அரசு 170 கோடி பவுண்டு கொடுத்தது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள குய்ஃபி.நெட் இதற்கு நேரெதிர். கிராமப்புறங்களில் அகலப்பட்டை இணையம் கிடைக்காததால் 2004-இல் சிலர் கூரைகளில் ஆண்டெனா வைத்துத் தாங்களே தொடங்கிய வலைப்பின்னல் அது. பின்னர் கண்ணாடி இழைக் கேபிளும் வந்தது. இணைப்பு முனைகள் 30,000-ஐத் தாண்டின. வலைப்பின்னல் பொதுச் சொத்து. அதன்மேல் யார் வேண்டுமானாலும் சேவை விற்கலாம். கேபிள் பதிக்க உள்ளாட்சிகள் வழிவிடும். எனக்குப் பிடித்த பகுதி, பலருக்குச் சலிப்பூட்டும் கணக்கு வழக்குதான். ஒவ்வொரு நிறுவனமும் தான் போட்ட முதலீட்டையும் பயன்படுத்திய அளவையும் கணக்கில் காட்ட வேண்டும். போட்டதைவிட அதிகம் பயன்படுத்தியவர், அதிகம் போட்டவருக்கு ஈடுகட்ட வேண்டும். ஓசிச் சவாரிக்கு இடமில்லை. லாபம் பார்க்கலாம், ஆனால் வலைப்பின்னலை வளைத்துப்போட முடியாது.

கராச்சியின் ஒராங்கி குடிசைப்பகுதியில் வேலையைப் பிரித்த விதமே புதிது. 1980-இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய கழிவுநீர்த் திட்டம் அது. வீட்டுக் கழிப்பறை, சந்தின் பாதாளச் சாக்கடை, அவற்றை இணைக்கும் குழாய் ஆகியவை குடியிருப்போர் செலவு. பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. ஒரு சந்தில் 20 முதல் 40 வீடுகள். அந்த அளவில் யார் பணம் தரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அடைத்துக்கொண்டால் நாற்றமும் எல்லோருக்கும்தான். ஆகவே வசூலுக்கு அதிகாரி தேவைப்படவில்லை. உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து, இடைத்தரகு ஒப்பந்தக்காரரைத் தவிர்த்ததால் செலவும் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் சரிவு பார்த்து, நிலம் எடுத்து, நகரம் முழுக்கப் பெருங்குழாய் போடுவது எந்தச் சந்தாலும் ஆகாது. ஆயிரக்கணக்கான சந்துகள் தங்கள் பங்கை முடித்த பிறகும் கழிவுநீர் நெடுங்காலம் ஓடைகளில் விழுந்து, சுத்திகரிக்கப்படாமலே கடலுக்குப் போனது. சந்துக்கு அரசு தேவைப்பட்டது. அரசுக்குச் சந்து அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை.